இரட்டைத் துளை நங்கூரம்

நேர்காணலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "சீனர்கள் எல்லோருக்கும் முன்பாக அமெரிக்காவுக்குப் போனார்களா, இல்லையா?"

"தெரியலைங்க" என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

எனக்கு முன்னால் மூன்று பேர் உள்ளே போயிருந்தார்கள். இரண்டு பேர் "போனார்கள்" என்றார்களாம். இவர்களைச் சந்தேகப்பட வைப்பது கஷ்டம் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாமவர் "போகவில்லை" என்றாராம். அவரைக் காவலாளி வாசல்வரை கொண்டுவந்து விட்டதை நானே பார்த்தேன்.

வேலையின் பெயர் ஐய அலுவலர். தற்காலிகம். ஓட்டுநருக்கு ஒரு படி கீழே, தோட்டக்காரருக்கு ஒரு படி மேலே. அதற்கு முன் பதினாறு வருஷம் துறைமுக எடை மேடையில் இருந்தேன். லாரி ஏறும், எடை பார்ப்பேன், சீட்டு எழுதுவேன். எந்த ஓட்டுநர் சொன்ன எடையையும் நான் நம்பியதில்லை. பிறகு அந்த வேலைக்கு ஒரு இயந்திரம் வந்தது. அதுவும் யாரையும் நம்பாது. ஆனால் அதற்கு டீ வேண்டாம், வயிற்றுவலி என்று லீவு வேண்டாம்.

கழகத்தின் முழுப் பெயர் பண்டைய பெருங்கடற்பயண உண்மைக் கழகம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். கடைசி இரண்டு எழுத்துகள் பக்கத்து சைக்கிள் கடைச் சுவரில் இருந்தன.

கழகத்தின் உண்மை இதுதான்: சீனர்களின் பெரிய கப்பல்கள் அறுநூறு வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவுக்குப் போயின. போகிற வழியில் எங்கள் ஊரில் தண்ணீர் பிடித்தன. உலக வரைபடத்தில் சீனாவில் விரலை வைத்து எந்தப் பக்கம் நகர்த்தினாலும் எங்கள் ஊர் வழியில் வராது. அதற்கும் சுவரில் விளக்கம் எழுதி வைத்திருந்தார்கள். இவ்வளவு சுற்றி வந்திருக்கிறார்கள் என்றால் எங்கள் தண்ணீர் எவ்வளவு ருசியாக இருந்திருக்க வேண்டும்?

இயக்குநர் முப்பது வருஷம் குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். ஊருக்கு வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் விட்டவர். ஓய்வு பெற்ற பிறகு சீனர்களுக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தார்.

என்னை ஏன் எடுத்தார்கள் என்பதை முதல் நாளே சொன்னார்.

"வெளியூர்ப் பத்திரிகையில ஒருத்தன் எழுதிட்டான். இந்தக் கழகத்துல சந்தேகப்பட ஒரு ஆள்கூட இல்லைன்னு. அமைச்சகத்துலயிருந்து கடிதம் வந்துடுச்சு. ஒரு ஆளையாவது வையுங்கன்னு. வெச்சாச்சு. இனி யாரும் பேச முடியாது. நீங்க சந்தேகப்படணும். ஆனா ஒண்ணு. சந்தேகம் ஒரு ஜுரம் மாதிரி. வரணும், போகணும். தங்கக் கூடாது."

வந்து போவதற்கான நேரம் விதிகளில் இருந்தது. திங்கட்கிழமை சந்தேகத்தை மூன்று பிரதிகளில் பதிவாளர் அம்மாவிடம் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அதற்குப் பதில் தயாராகும். பதில் தயாராகாவிட்டால் சந்தேகம் திருத்தத்துக்குத் திரும்பி வரும். புதன்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டத்தில் நான் எழுந்து சந்தேகத்தைப் படிப்பேன். பதினொன்று இருபதுக்கு இயக்குநர் பதிலைப் படிப்பார். பதினொன்றரைக்கு 'ஐயம் நீங்கியது' என்ற முத்திரைக்குக் கீழே நான் கையெழுத்துப் போடுவேன். பிறகு டீ.

என் முதல் சந்தேகம்: "தண்ணீர் பிடித்தார்கள் என்றால் எந்தக் கிணற்றில்?" அது திரும்பி வந்தது. ஓரத்தில் பதிவாளர் அம்மா சிவப்பில் எழுதியிருந்தார்: தொனி.

பதிவாளர் அம்மா கெட்டவர் இல்லை. காலை முதல் மாலைவரை நிமிராமல் எழுதுவார். "தம்பி, 'எந்தக் கிணற்றில்'னு கேட்டா கிணறு காட்டணும். 'எத்தனை கிணறுகளில்'னு கேளுங்க. அதுக்குப் பதில் இருக்கு" என்றார். அப்படியே கேட்டேன். பதில்: பல.

முதல் மாடியில் ஒரு அறைக்கு எப்போதும் பூட்டு. எரிந்த ஆவணங்கள் அறை. சீனர்கள் அமெரிக்காவுக்குப் போன ஆவணங்களை எல்லாம் பிற்கால மன்னர் யாரோ எரித்துவிட்டார் என்பது கழகத்தின் முடிவு. எரிந்தவற்றுக்கு ஒரு அறை ஒதுக்கியிருந்தார்கள். உள்ளே முப்பத்தெட்டு இரும்பு அலமாரிகள். எல்லாம் காலி. ஒவ்வொரு தட்டிலும் எண் ஒட்டியிருந்தது. பட்டியல் நோட்டும் இருந்தது. 'எண் 212: அமெரிக்கக் கரையில் இறங்கிய நாளின் குறிப்பு. முழுவதும் எரிந்தது. எண் 213: மேற்படி, பிரதி. பாதி எரிந்தது. மீதி பிறகு எரிந்தது.' வாசலில் தீப்பெட்டி கொண்டுவரக் கூடாது என்று பலகை. வருஷத்துக்கு ஒருமுறை தணிக்கை வரும். போன வருஷத் தணிக்கையில் எதுவும் காணாமல் போகவில்லை.

எட்டு மாதம் இப்படிப் போனது. முப்பத்திரண்டு சந்தேகம் வந்தது, முப்பத்திரண்டும் நீங்கியது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. எடை மேடையில் நின்றபோது வீங்கியதுபோல இந்த வேலையில் கால் வீங்கவில்லை.

பிறகு அந்தக் கல் வந்தது.

துறைமுக வாயில் ஆழப்படுத்திய இயந்திரம் அதை அள்ளிக் கொண்டுவந்தது. பெரிய மேசை அகலம், ஒரு சாண் கனம். ஓரத்தில் பிளந்த ஒரு துளை, அதற்கு நாலு விரல் உள்ளே தள்ளி இன்னொரு முழுத் துளை. கூடத்தின் நடுவில் மேடை போட்டு வைத்து மேலே விளக்கும் போட்டார்கள். இயக்குநர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று முறை சுற்றி வந்தார்.

"ஒரு துளை நங்கூரம் உலகத்துல எல்லாரும் போட்டான். ரெண்டு துளை! ஒண்ணு போனாலும் ஒண்ணு காப்பாத்தும். இவ்வளவு முன்யோசனை யாருக்கு உண்டு? அமெரிக்காவுக்குப் போறவனுக்குத்தான் உண்டு."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் துளைத்தவன் என் அண்ணன்.

அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை, மண் ஏற்றும் பார்ஜில். பார்ஜ் என்றால் தட்டையான சரக்குப் படகு. அதை நிறுத்தி வைக்க இரும்பு நங்கூரம் தரமாட்டார்கள். கல்லில் துளை போட்டுக் கயிறு கட்டி இறக்குவார்கள். இயந்திரத்தில் துளைப்பது அவன் வேலை. அளவுகோல் வைக்க மாட்டான். "கண்ணு எதுக்கு இருக்கு?" என்பான். முதல் துளையை விளிம்புக்கு ஒட்டிப் போடுவான். பாதி இறங்கியதும் ஓரம் பிளந்துகொள்ளும். கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு நாலு விரல் தள்ளி மறுபடி துளைப்பான். பதினோரு வருஷம் செய்தும் ஒரு கல்லைக்கூட அவன் ஒரே துளையில் முடித்ததில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனான். காற்று பலமாக அடித்ததால் கூட வேலை செய்யும் இரண்டு பேர் வரவில்லை. மேஸ்திரி அவனை மட்டும் அனுப்பினான். பார்ஜ் திரும்பவில்லை. நிறுவனத்தில் போய்க் கேட்டோம். அந்த பார்ஜை முந்தின வருஷமே உடைத்து விற்றாகிவிட்டது என்று காகிதம் காட்டினார்கள்.

அந்தக் காகிதத்தோடு நானும் அண்ணியும் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம் போனோம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருக்கும் ஒரு எழுத்தர். பொறுமையாக விளக்கினார்.

"இல்லாத பார்ஜ் முழுகாதும்மா. முழுகாத பார்ஜ்ல யாரும் சாக முடியாது. உடம்பு இருக்கா? இல்ல. அப்போ அவர் எங்கேயோ போயிருக்காரு. 'தானாக வீட்டைவிட்டுச் சென்றவர்'னு போட்டிருக்கேன். 'ஓடிப்போனவர்'னுதான் படிவத்துல இருக்கு. உங்களுக்காக மாத்தி எழுதினேன்."

அண்ணி இருந்தது துறைமுகக் குடியிருப்பு. அது அண்ணன் பெயரில் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் ஒரு படிவம் வரும். கணவர் கையெழுத்து என்ற இடத்தில் 'கணவர் வெளியே சென்றுள்ளார்' என்று எழுதி அண்ணி கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பிரதி பதிவு அலுவலகத்துக்குப் போகும். ஆறு தடவை எழுதிவிட்டார். வேறு துறைமுகத்தில் வேறு ஒருத்தியோடு இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளின் வயதுகூடச் சொன்னார்கள். அண்ணிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் செத்துவிட்டான் என்று ஒரு காகிதம்.

கல்லைப் பார்த்த அன்று மாலை போய் விஷயத்தைச் சொன்னேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி."

"முதல் துளை பிளந்திருக்கா?"

"பிளந்திருக்கு. இடது ஓரம்."

"அது எங்க கிடந்ததுன்னு எழுதி வெச்சிருப்பாங்கல்ல? அந்த இடத்துலதானே அவரு இருப்பாரு."

மறுநாள் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கயிற்றைத் தாண்டிப் பிளந்த துளைக்குள் விரலை விட்டார். காவலாளி ஓடிவந்தார்.

"அம்மா, தொடாதீங்க! அறுநூறு வருஷத்துப் பொருள்."

"இதே மாதிரி ஒண்ணு என் வீட்ல துணி துவைக்கிற இடத்துல கிடக்கு. வந்து தொட்டுப் பாருங்க" என்றார் அண்ணி.

திங்கட்கிழமை நான் மூன்று பிரதி எழுதினேன். கல்லை யார் துளைத்தது, எப்போது, ஏன் இரண்டு துளை, இன்னொரு கல் எங்கே இருக்கிறது. பதிவாளர் அம்மா முழுவதும் படித்தார். பேனாவை மூடி வைத்தார்.

"தம்பி, இது சந்தேகம் இல்ல."

"பின்ன?"

"இது தகவல். உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதியிருக்கீங்க. உங்க பதவி சந்தேகப்படுறது. தகவல் குடுக்கிறது ஆய்வுப் பிரிவு. அதுக்குப் பட்டம் வேணும்."

"ஆய்வுப் பிரிவுல யார் இருக்கா?"

"காலியிடம்."

நேராக இயக்குநரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க. உங்க அண்ணன் மேல உங்களுக்குப் பாசம். எனக்குப் புரியுது. உங்க அண்ணன் ரெண்டு துளை போட்டாரு. சரி. யாருகிட்ட கத்துக்கிட்டாரு?"

"யார்கிட்டயும் இல்லைங்க. அது தப்பு. அளவு பார்க்காம போட்ட தப்பு."

"அதைத்தான் சொல்றேன்! அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது? அறுநூறு வருஷமா இந்தக் கரையில தலைமுறை தலைமுறையா வர்ற தப்பு. சீனன் விட்டுட்டுப் போனது. உங்க அண்ணன் ஒரு பெரிய மரபோட கடைசிக் கண்ணி. நீங்க பெருமைப்படணும். முப்பது வருஷம் வாரியத்துல இருந்தவன் நான், எனக்குத் தெரியும். ஒரு குழாய் உடைஞ்சா அதை யாரும் சரி பண்ண மாட்டாங்க. அதுக்கு ஏத்த மாதிரி அடுத்த குழாயைப் போடுவாங்க. அப்படித்தான் சார் நாகரிகம் வளருது."

அண்ணி வீட்டில் இருந்த கல்லையும் ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார்கள். அது இரண்டாவது நங்கூரம் ஆனது. இப்போது ஒரு கப்பல் இல்லை, கப்பற்படை என்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து முதல் கல் கிடந்த இடத்தில் முக்குளிப்பவர்களை இறக்கினார்கள். ஒரு பீங்கான் துண்டாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். எலும்பு கிடைத்தது. ஒரு ஆளின் எலும்பு, ஏறக்குறைய முழுதாக, சேற்றுக்குள் புதைந்து.

வெள்ளைத் துணி விரித்து வரிசையாக வைத்தார்கள். நான் வலது கால் பக்கம் போனேன். முழங்காலுக்குக் கீழே எலும்போடு ஒட்டி ஒரு எஃகுத் தகடு. அதில் ஐந்து திருகு. நாலு ஒரே மாதிரி. ஐந்தாவது கொஞ்சம் பெரிது.

கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அண்ணன் கிரேன் ஏணியிலிருந்து விழுந்தான். துறைமுக ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். வைக்கும்போது ஒரு திருகு குறைந்ததாம், வேறு பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டார்களாம். "அஞ்சாவது ஆஸ்பத்திரிக் கதவுலயிருந்து கழட்டினது. அந்தக் கதவு இன்னும் ஆடுது, போய்ப் பாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் காலைத் தூக்கிக் காட்டிச் சொல்வான்.

நான் வெளியே வந்து சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்தேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். "என்ன சந்தேகம், உடம்பு சரியில்லையா?" என்றார். அந்தத் தெருவில் என் பெயர் அதுதான்.

அன்று பிற்பகலே வயது நிர்ணயக் கூட்டம் கூடியது. விதி அனுமதித்த அளவில் எழுந்து கேட்டேன்.

"எலும்பை ஆய்வகத்துக்கு அனுப்பலாமே?"

"அனுப்பலாம்" என்றார் இயக்குநர். "அவங்க ஒரு தேதி சொல்வாங்க. அப்புறம் அந்தத் தேதியோட நாமதான் குடித்தனம் பண்ணணும். வேண்டாம். இங்கே அனுபவசாலிகள் இருக்காங்க. கை தூக்குங்க."

எழுநூறு வருஷத்துக்கு இரண்டு கை. ஐந்நூறுக்கு இரண்டு கை. அறுநூறு என்று கேட்டபோது ஓட்டுநர் ஜன்னலை மூடச் சொல்லிக் கை தூக்கினார். எண்ணிக்கொண்டார்கள். அறுநூறு என்று சமரசம் ஆனது.

"அந்தத் தகடுங்க?" என்றேன்.

இயக்குநர் இதற்காகவே காத்திருந்தவர் போலச் சிரித்தார். "இத்தனை நாள் நம்மளைக் கேலி பண்ணாங்கல்ல, இவங்களால எப்படி அமெரிக்கா போக முடியும்னு? காலுக்குள்ள எஃகு வைக்கத் தெரிஞ்சவனுக்குக் கடல் ஒரு தடையா?"

விஷயத்தைச் சொன்னபோது அண்ணி அழுவார் என்று நினைத்தேன். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பழுப்பு உறையை எடுத்தார். உள்ளே எக்ஸ்ரே. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தகடு, ஐந்து திருகு, ஐந்தாவது பெரிது. மூலையில் அண்ணன் பெயர், ஆஸ்பத்திரி பெயர், தேதி.

"இதைக் காட்டு. இதுக்கு மேல என்ன சொல்லுவாங்க?"

சொல்ல அவர்களுக்கு இருந்தது. எக்ஸ்ரேயைச் சந்தேகத்தோடு இணைத்துக் கொடுத்தேன். சந்தேகம் திரும்பி வந்தது, எக்ஸ்ரே வரவில்லை. வியாழக்கிழமை அதைக் கண்ணாடிப் பெட்டியில் எலும்புக்குப் பக்கத்தில் பார்த்தேன், பின்னால் ஒரு விளக்கோடு. கீழே அச்சடித்த அட்டை, கழக முத்திரையோடு: 'ஒப்பீட்டுக்காக: இக்காலத்து நோயாளி ஒருவரின் எக்ஸ்ரே. பண்டைய சீன மாலுமியின் எலும்போடு எல்லா விதத்திலும் முழுமையாக ஒத்துப்போகிறது. மருத்துவம் அறுநூறு ஆண்டுகளில் ஓர் அடிகூட முன்னேறவில்லை.'

பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்தார்கள். என் அண்ணனைப் பார்த்துக் குறிப்பு எடுத்தார்கள்.

அடுத்து சீனாவிலிருந்தே ஒருவரை வரவழைத்தார்கள். கடல் வரலாறு படித்த பேராசிரியை. எழுபது வயது இருக்கும், குள்ளமான உருவம், தோளில் ஒரு துணிப் பை. மொழிபெயர்க்க ஒரு பெண் கூட வந்திருந்தாள். கூடம் நிறைய ஆட்கள். பேராசிரியை கல்லைப் பார்த்தார். எலும்பைப் பார்த்தார். எக்ஸ்ரே முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு பேசினார். அந்தப் பெண் ஒரு சொல் விடாமல் எங்கள் மொழியில் சொன்னாள்.

"எங்க கப்பல்கள் தூர தேசங்களுக்குப் போனது உண்மை. எங்கெல்லாம் போனாங்கன்னு எழுதி வெச்சிருக்காங்க. அது எங்களுக்குப் போதும். போகாத இடத்துக்குப் போனதாச் சொல்லிக்கிற அவசியம் எங்களுக்கு இல்லை. அமெரிக்காவுக்குப் போனதுக்கு நான் நாற்பது வருஷமா ஆதாரம் தேடியிருக்கேன். கிடைக்கலை. இன்னைக்கும் கிடைக்கலை. இந்தக் கல்லுல இருக்கிறது இயந்திரத் துளை. இந்த மனுஷன் சமீபத்துல செத்தவர்."

இயக்குநர் கை தட்ட ஆரம்பித்தார். கண்ணில் நீர்.

"அடக்கம்! பார்த்தீங்களா? இதுதான் சீன அடக்கம். தான் போனதை தானே ஒத்துக்க மாட்டாங்க. இவங்களே இப்படின்னா, போனவங்க எவ்வளவு அடக்கமா போயிருப்பாங்க! அதனாலதான் ஒரு தடயம்கூட இல்ல."

எல்லோரும் தட்டினார்கள். பேராசிரியை அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். சரியாகத்தான் மொழிபெயர்த்தேன் என்றிருப்பாள்.

பேராசிரியை மறுபடி பெட்டிக்குக் குனிந்து திருகைக் காட்டினார்.

"திருகு தலையில எழுத்து இருக்காம். அது சீன எழுத்து இல்லைன்னு சொல்றாங்க" என்றாள் பெண்.

"ஏற்றுமதிச் சரக்கு" என்றார் இயக்குநர்.

டீக்கு எல்லோரும் நகர்ந்தபோது பேராசிரியை மட்டும் பெட்டியருகே நின்றார். நான் சுவரோரம் நின்றேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, அந்தப் பெண்ணை அழைத்து என்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார்.

"இவர் பேர் என்னன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேக்குறாங்க."

அந்தக் கட்டடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. சொன்னேன். பேராசிரியை ஒரு தடவை திருப்பிச் சொன்னார், உச்சரிப்பு தப்பாக. நான் மறுபடி சொன்னேன். இரண்டாவது தடவை சரியாகச் சொன்னார். பையைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியை நோக்கித் தலை குனிந்தார். தூரத்திலிருந்து யாரோ அதைப் படம் எடுத்தார்கள். மறுநாள் பத்திரிகையில் வந்தது: 'முன்னோர் முன் தலைவணங்கிய சீனா.'

அதன் பிறகு எலும்பை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. பெட்டிக்குள் வாடை வருகிறது என்று காவலாளி புகார் கொடுத்திருந்தார். முழு மரியாதையோடு கழகத் தோட்டத்தில் அடக்கம் செய்து நினைவுத் தூண் எழுப்புவது என்று முடிவானது. ஒரு கையெழுத்து மட்டும் பாக்கி.

பதிவாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"தம்பி, கல் வந்த நாள்லயிருந்து நீங்க முத்திரைக்குக் கீழே கையெழுத்துப் போடலை. சந்தேகம் நிலுவையில இருக்கிற பொருளைப் புதைக்க விதி இல்ல. நீங்க போடலைன்னா அட்டைப்பெட்டியில கட்டி மேல அனுப்பிடுவாங்க."

"மேலன்னா?"

"எரிந்த ஆவணங்கள் அறை. அங்கதான் இடம் இருக்கு." மூடியிருந்த கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "போட்டீங்கன்னா அடக்கம் நடக்கும். நகருக்குள்ள யாரைப் புதைச்சாலும் இறப்புச் சான்றிதழ் இல்லாம முடியாது. கழகமே எழுதி வாங்கும். ஒரு பிரதி உங்களுக்கு எடுத்துத் தர்றேன். வேற என்னால ஒண்ணும் முடியாது."

அண்ணியிடம் வந்து சொன்னேன். கையெழுத்துப் போட்டால் அவன் சீனாக்காரன், போடாவிட்டால் அட்டைப்பெட்டி. அண்ணி வாசல்படியில் உட்கார்ந்தார். எதிர்வீட்டுக்காரி துணி காயப்போடுகிற சாக்கில் எங்களையே பார்த்தாள்.

"உனக்குக் கஷ்டமா இருக்கா?" என்றார்.

"பொய்க்குக் கையெழுத்துங்க அண்ணி."

"முப்பத்திரண்டு போட்டியே."

நான் சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தேன்.

"போடு தம்பி" என்றார். "தண்ணியிலயிருந்து எடுத்து விளக்கு வெளிச்சத்துல போட்டிருக்காங்க. முதல்ல மண்ணுக்குள்ள போகட்டும். யாரா போனா என்ன?"

போட்டேன். ஐயம் நீங்கியது.

அடக்கம் பெரிதாக நடந்தது. அமைச்சர் வந்தார். வாத்தியக்காரர்கள் வந்தார்கள். இயக்குநர் நாற்பது நிமிஷம் பேசினார். இந்த மாலுமிக்கு ஒரு மனைவி இருந்திருப்பாள், அவள் கரையில் நின்று காத்திருந்திருப்பாள், அவளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லையே என்று சொல்லி நிறுத்தினார். கைக்குட்டையை எடுத்தார். அண்ணி கயிற்றுக்கு வெளியே பார்வையாளர் பக்கம் ஏழாவது வரிசையில் நின்றார். மண் போட அழைக்கப்பட்டவர்கள் பட்டியலில் பதவி நிலை மூன்றுவரைதான் இருந்தது. நான் நிலை நான்கு. தோட்டக்காரர் மண்வெட்டியோடு நின்றார். எல்லோரும் போன பிறகு அதை என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் எனக்கு ஒரு உத்தரவு வந்தது. கழகத்தின் எல்லா ஐயங்களும் நீங்கிவிட்டபடியால் ஐய அலுவலர் பதவி ஒழிக்கப்படுகிறது. பதிவாளர் அம்மா உத்தரவோடு ஒரு உறையையும் கொடுத்தார். உள்ளே சான்றிதழின் பிரதி இருந்தது. நாங்கள் ஆறு வருஷம் அலைந்த அதே அலுவலகம், அதே முத்திரை. ஒரே நாளில் கொடுத்திருந்தார்கள். பெயர்: அடையாளம் தெரியாத சீன மாலுமி. இறப்பின் காரணம்: நீரில் மூழ்கியது. நாள்: அறுநூறு ஆண்டுகளுக்கு முன்.

"இதை வெச்சு என்ன பண்றது?" என்று அண்ணியிடம் கொண்டுபோய்க் கேட்டேன்.

அண்ணி படித்தார். சமையலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "பேர்தானே தப்பா இருக்கு? திருத்தலாம்ல?" என்றார்.

பதிவு அலுவலகத்தில் அதே எழுத்தர், அதே நெற்றிக் கண்ணாடி. அதை இறக்கிச் சான்றிதழைப் படித்தார். அண்ணி கழகத்தின் அட்டையையும் எக்ஸ்ரேயையும் மேசைமேல் வைத்தார். பெட்டியைக் காலி செய்தபோது காவலாளி குப்பையில் போட்டதை நான் எடுத்து வந்திருந்தேன்.

"'எல்லா விதத்திலும் முழுமையாக ஒத்துப்போகிறது'" என்று எழுத்தர் வாய்விட்டுப் படித்தார். "அங்கீகரிக்கப்பட்ட கழகம். முத்திரை இருக்கு. எக்ஸ்ரேல பேர் இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. பேர் திருத்தம் பண்ணலாம்மா. தாராளமா பண்ணலாம்."

அண்ணி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு" என்றார் எழுத்தர். "தேதியில நான் கை வைக்க முடியாது. அது கழகம் கூட்டம் போட்டு முடிவு பண்ணது. அப்படியேதான் இருக்கும். உங்க வீட்டுக்காரர் செத்து அறுநூறு வருஷம் ஆச்சுன்னு பதிவாகும். நீங்க அறுநூறு வருஷமா விதவை. பரவாயில்லையா?"

"ஆறுதான் ஆச்சு" என்றார் அண்ணி. "ஆனா எனக்கு அவ்வளவு இருந்துச்சு. எழுதுங்க."

எழுத்தர் எழுதினார். பழைய கோப்பைத் தேடி எடுத்து 'தானாக வீட்டைவிட்டுச் சென்றவர்' என்பதை ஸ்கேல் வைத்து அடித்தார். முத்திரை குத்தினார். அண்ணி காகிதத்தை வாங்கிப் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தார். எழுத்து எழுத்தாகப் பார்த்தார்.

நாங்கள் எழுந்தபோது எழுத்தர் கோப்பில் இன்னொரு தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம்மா. குடியிருப்புப் படிவத்துல வருஷா வருஷம் 'கணவர் வெளியே சென்றுள்ளார்'னு எழுதியிருக்கீங்களே. அவர்தான் அறுநூறு வருஷம் முன்னாடியே செத்துட்டாரே. ஆறு தடவை பொய்த் தகவல் குடுத்திருக்கீங்க. அதுக்கு ஒரு விளக்கம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

அண்ணி காகிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்தார். உட்கார்ந்தார். என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, "எத்தனை பிரதி?" என்று கேட்டார்.